உடைந்தது, உடைத்தேன்

கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டு ஓடினேன். என் மகள் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்: "அப்பா, டம்ளர் உடைஞ்சிருச்சு."

நாலு வயது. தன்வினை, பிறவினை எல்லாம் படிக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. ஆனாலும் எதை எங்கே போடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. உடைந்தது என்றால் டம்ளர் பாட்டுக்கு உடைந்துகொள்கிறது, பக்கத்தில் ஆளே தேவையில்லை. உடைத்தேன் என்றால் ஒரு ஆள் வந்து நின்றாகவேண்டும். 'ந்'தை எடுத்துவிட்டு 'த்' போடுவதற்குள் வயிற்றைக் கலக்கிவிடுகிறது.

சில்லுகளைக் கூட்டி அள்ளும்போது சிரிப்பு வந்தது. கூடவே வேதாகமத்தில் மோசேயின் அண்ணனாக வரும் ஆரோன் ஞாபகம் வந்தார்.

யாத்திராகமம் 32ஆம் அதிகாரம். மோசே மலைமேல் போய் நாளாகிவிட்டது. கீழே மக்கள் ஒரு தெய்வம் வேண்டும் என்று நெருக்குகிறார்கள். ஆரோன் அவர்களுடைய பொன் கடுக்கன்களை வாங்கி, கருவியால் உருப்பிடித்து, ஒரு கன்றுக்குட்டியை வார்க்கிறார். இது 4ஆம் வசனம். மோசே இறங்கி வந்து என்ன இது என்று கேட்கிறார். 24ஆம் வசனத்தில் ஆரோன் சொல்லும் பதில்: பொன்னை அக்கினியிலே போட்டேன், "அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது."

வந்ததாம். வேதாகமம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சமாளிப்பு இதுதான். இருபது வசனத்துக்குள் உளியும் கருவியும் காணாமல் போய்விட்டன. ஆரோன் பிரதான ஆசாரியராகப் போகிறவர், அதாவது மற்றவர்களுடைய பாவத்துக்குப் பரிகாரம் செய்யும் வேலைக்குப் போகிறவர். அவருக்கே 'த்' வரவில்லை.

ஏதேனிலும் அதே கதைதான். 'தேவரீர் தந்த ஸ்திரீ' என்று ஆதாம் ஒரே வாக்கியத்தில் மனைவியையும் கடவுளையும் சேர்த்து இழுத்துவிடுகிறான். ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பேருடைய பதிலும் ஒரே சொல்லில்தான் முடிகிறது: நான் புசித்தேன். மூல எபிரேயத்திலும் அந்த ஒற்றைச் சொல் கடைசியில்தான் நிற்கிறது. எல்லாச் சாக்கையும் வரிசையாக வைத்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் உண்மை வந்து விழுகிறது. அவர்களை நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். நான் அந்தக் கடைசிச் சொல் வரைக்கும்கூடப் போகாதவன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளருக்குப் போகும் காலாண்டு அறிக்கை என் பொறுப்பு. ஒரு தடவை அவசரத்தில் ஒரு பத்திக்குப் போன வருஷத்து எண்களை ஒட்டிவிட்டேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அதற்குக் கட்டம் போட்டு, வண்ணம் கொடுத்து, ஒழுங்குபடுத்தி அனுப்பினான். இரண்டு வாரம் கழித்துத் தவறு வெளியே வந்தது. கூட்டம் போட்டார்கள். கோப்பைக் கடைசியாகச் சேமித்தது யார் என்று பார்த்தால் அவன் பெயர். மேலாளர் அவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான்.

நான் சொன்னது இதுதான்: "சரிபார்க்கும்போது தவறிப்போயிருக்கு."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. 'தவறிப்போயிருக்கு.' கன்றுக்குட்டி வந்தது. அவன் தகுதிகாண் காலத்தில் இருந்தவன். மூன்று வாரத்தில் அவனைப் பணியில் உறுதிசெய்யவில்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். மேசையைக் காலிசெய்துவிட்டு என்னிடம் வந்து, "வரேன் சார்" என்றான். "எங்க போனாலும் நல்லா வருவே தம்பி" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது தட்டச்சும்போதும் காது சூடாகிறது.

அன்றைக்கு ராத்திரியே ஜெபம் பண்ணினேன். 51ஆம் சங்கீதத்தை எடுத்துவைத்துக்கொண்டு அழுதேன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற வரிக்கு வந்ததும் மனசு லேசாகிவிட்டது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று எழுந்து போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த வரி எப்படி எனக்கு ஒளிவிடம் ஆனது என்று புரிய வருஷங்கள் ஆயின. பாடல் தாவீது ராஜாவுடையது. பத்சேபாளிடம் போனது தலைப்பிலேயே குறிப்பாக வருகிறது. அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டதும் அந்தக் கதையில்தான். அப்படியிருக்க, கடவுள் ஒருவருக்கே விரோதமாக என்றால் உரியா யார்? உரியாவின் ரத்தம் யாருக்கு விரோதமானது? வியாக்கியானம் எழுதுகிறவர்களுக்கு இது பழைய கேள்வி. எல்லாப் பாவமும் கடைசியில் கடவுளைத்தான் தொடுகிறது என்பது வழக்கமான விளக்கம். அது சரியாகவும் இருக்கலாம். எனக்குப் படுவது இன்னும் எளிமையானது: உரியா செத்துவிட்டான். அவன் சார்பில் கணக்குக் கேட்க மிச்சம் இருந்தவர் கடவுள் மட்டும்தான். தாவீதுக்கு வேறு வாசல் இல்லை.

எனக்கு இருந்தது. பையனுடைய எண் என் போனில் இருந்தது.

தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் வந்த விதத்தையும் பாருங்கள். ஒரு ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்துப்போய், அவன் நாலு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறான். மற்றவன் கதை என்றால் நமக்கு எவ்வளவு வேகமாக நியாயம் வருகிறது! "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்னபிறகு, தாவீதின் அறிக்கை எபிரேயத்தில் இரண்டே சொல். கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன், அவ்வளவுதான். சூழ்நிலை, தனிமை, போர்க்காலம் எதுவும் கிடையாது. மன்னிப்பும் உடனே வருகிறது. ஆனால் பின்விளைவு எதுவும் ரத்தாவதில்லை. அவன் வீட்டில் பட்டயம் விலகாது என்று நாத்தான் சற்று முன்னால் சொன்னது அப்படியே நிற்கிறது. மன்னிப்பு என்றால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அதிகாரம் தொண்டையில் சிக்கிய முள்.

எங்கள் வீட்டில் இரண்டு சபை. அப்பா வழியில் கத்தோலிக்கர்கள், அம்மா வழியில் சீர்திருத்த சபை. அதனால் கர்த்தர் கற்பித்த ஜெபம் எனக்கு இரண்டு விதமாகத் தெரியும். அம்மா, "எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்பார். அப்பா, "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்பார். சின்ன வயதில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். பிறகுதான் அந்தப் 'பொறு' என்னைப் பிடித்துக்கொண்டது.

பொறுத்தல் என்றால் மன்னித்தல். பொறுத்தல் என்றால் தாங்குதலும்கூட. பொறுக்கமுடியாத வலி என்கிறோமே. பொறை என்பதற்குப் பாரம் என்றும் அர்த்தம், பொறுமை என்றும் அர்த்தம். அகழ்வாரைத் தாங்கும் நிலத்தைக் காட்டித்தான் வள்ளுவர் இகழ்வாரைப் பொறுத்தலைச் சொல்கிறார். பொறுப்பு என்கிற சொல்லும் இதே வேரில்தான் நிற்கிறது. குற்றத்தை ஏற்றுக்கொள்கிறவன் செய்வதும் பொறுப்பு, குற்றத்தை மன்னிக்கிறவன் செய்வதும் பொறுப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே தோள்.

இது தமிழின் தற்செயல் என்று நினைத்தால், எபிரேயத்திலும் இதே விளையாட்டு இருக்கிறது. நாசா என்றொரு வினைச்சொல். தூக்கு, சும என்று அர்த்தம். பாவம் செய்தவன் தன் அக்கிரமத்தைச் 'சுமப்பான்' என்னும்போது அதுதான் வருகிறது. யாத்திராகமம் 34இல் கடவுள் அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்று நாம் படிக்கும் இடத்திலும் அதே சொல்தான். அவர் அக்கிரமத்தைச் சுமக்கிறவர். தம்பியைக் கொன்ற காயீன் கடவுளிடம் புலம்பும் வாக்கியம் இதனால்தான் இரண்டாகப் பிளக்கிறது. 'என் தண்டனை தாங்கமுடியாதது' என்று பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் எடுத்துக்கொண்டன. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரோ தன் ஜெர்மன் வேதாகமத்தில் 'என் பாவம் மன்னிக்கப்படமுடியாத அளவு பெரியது' என்று எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் மன்னிப்பில் பாரம் ஆவியாகிப் போவதில்லை. ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின் மையமே இந்தத் தோள் மாற்றம்தான். யோவான் 1:29இல் நம் பழைய மொழிபெயர்ப்பு இயேசுவை, உலகத்தின் பாவத்தைச் 'சுமந்துதீர்க்கிற' தேவ ஆட்டுக்குட்டி என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது தூக்கு, அகற்று என்று இரண்டு சாயலும் உள்ள ஒரு சொல். மொழிபெயர்த்தவர் இரண்டையும் விடாமல் சுமந்து, தீர்த்து என்று வைத்துவிட்டார். அந்த ஆள் யாராக இருந்தாலும் கைகுலுக்கத் தோன்றுகிறது.

ஆனால் என் கையில் இல்லாததை எப்படி இன்னொருவர் தோளுக்கு மாற்றுவது? 'தவறிப்போயிருக்கு' என்று தரையில் போட்டுவிட்டு வந்ததை யாரும் என்னிடமிருந்து வாங்கமுடியாது. முதலில் நான் குனிந்து எடுக்கவேண்டும்.

லேவியராகமம் 6இல் இதற்கு ஒரு வரிசையே இருக்கிறது. அயலானை ஏமாற்றியவன் முதலில் முதலையும், அதனுடன் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுக்கவேண்டும். குற்றநிவாரண பலி அதற்கு அப்புறம்தான். கணக்கில் கெட்டிக்காரனான வரிவசூல்காரன் சகேயு, ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்தாமல் நாலத்தனையாகத் தருகிறேன் என்றது தாவீதின் தீர்ப்பைத் தன்மேலேயே போட்டுக்கொண்டதுபோல. இயேசுவும் மத்தேயு 5இல் இதே வரிசையைத்தான் சொல்கிறார்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ. அங்கே அவர் சொல்வது உனக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உன்பேரில் குறை இருந்தால். நான் பலிபீடத்தின் முன்னால் மணிக்கணக்காக நின்றேன். போகவில்லை.

போகாமல் இருக்க எனக்குக் கைகொடுத்தது ஒரு நல்ல வேதசத்தியம். 'நாம் எல்லாரும் பாவிகள்தானே.' சரிதான், ரோமர் நிருபம் சொல்கிறது. ஆனால் அந்த 'நாம்' ரொம்ப வசதியானது. கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் நாத்தானுடைய விரல் யாரைக் காட்டுகிறது என்றே தெரியாது. ஜென்மப் பாவத்தைப் பற்றிப் பேசும்போதும் இப்படியொரு சாக்கு உள்ளே புகுந்துவிடுகிறது: ஆதாம் உடைத்தான், நமக்கு உடைந்து வந்தது. இந்தப் போதனையை மேற்கத்திய திருச்சபையில் வடித்துக் கொடுத்தவர் அகுஸ்தினார். ரோமர் 5:12ஐ அவர் லத்தீனில், ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று வாசித்தார். கிரேக்கத்தை ஒட்டிய நம் பழைய மொழிபெயர்ப்பில் "எல்லாரும் பாவஞ்செய்தபடியால்" என்றுதான் இருக்கிறது. கீழைத் திருச்சபைகள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவுதான், அவன் குற்றம் வரவில்லை என்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, ஜென்மப் பாவம் ஆதாமின் பிள்ளைகளுக்குச் சொந்தக் குற்றம் இல்லை என்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த அகுஸ்தினாரே பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பசியில்லை, காயும் ருசியில்லை, பன்றிகளுக்குத்தான் எறிந்தோம், தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்றெல்லாம் குடைகிறார். ஆதாம்மேல் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

தீர்க்கதரிசி எசேக்கியேல் காலத்திலும் ஒரு பழமொழி ஓடிக்கொண்டிருந்தது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னோர் செய்ததன் விளைவைப் பின்னோர் அனுபவிப்பதை யார் மறுக்கமுடியும்? ஆனால் 18ஆம் அதிகாரம் அந்தப் பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்று தடைபோடுகிறது. பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும் என்கிறது. கடுமையாகத்தான் இருக்கிறது. இரண்டாம் தடவை படித்தால் அதற்குள் ஒரு விடுதலையும் தெரிகிறது. என் பல் கூசுவது என் அப்பா தின்ற காயால் இல்லை என்றால், நான் இனி அதைத் தின்னாமல் இருக்கலாம். அதிகாரம் 'திரும்புங்கள்' என்றுதான் முடிகிறது.

இன்னொரு ஒளிவிடம் குற்றவுணர்வு. இதைச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள். குற்றம் வேறு, குற்றவுணர்வு வேறு. குற்றம் எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் கிடந்தது. குற்றவுணர்வு முழுக்க முழுக்க என்னைப் பற்றியது. பன்னிரண்டு வருஷத்தில் அவனை நினைத்து நான் அழுதது நிஜம். அதற்கப்புறம் அவனுக்கு வேலை கிடைத்ததா என்று ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை என்பதும் நிஜம். இளம் துறவியாக இருந்த லூத்தர் மணிக்கணக்கில் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, வெளியே வந்ததும் இன்னொன்று ஞாபகம் வந்து திரும்பவும் போவாராம். அவருடைய குரு ஸ்டாப்பிட்ஸ் அலுத்துப்போய், உண்மையான பாவம் ஏதாவது இருந்தால் கொண்டுவா என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தவிப்பிலிருந்து வெளியே வந்த மனிதர்தான் 1517இல் 95 கருத்துகளை எழுதினார். அதில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பது. அன்றைக்குத் திருச்சபையில் காசுக்கு விற்ற மன்னிப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கமுடியாது. நான் கண்ணீரால் வாங்கிய சீட்டும் அந்த வகைதான். ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1937இல் இதற்கு மலிவான கிருபை என்று பெயர் வைத்தார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. சபைகளில் மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் பெரும்பாலும் அடிபட்டவரை நோக்கித்தான் பாய்கிறது. எழுபது தரம் ஏழு, மன்னித்துவிடு, கசப்பை வைத்துக்கொள்ளாதே. மத்தேயு 18இன் உவமையில் முதல் வேலைக்காரனுடைய கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆறு கோடி நாள் கூலி! அவனுக்கு இன்னொருவன் கொடுக்கவேண்டியது நூறு வெள்ளிப்பணம். 'அற்பத் தொகை' என்று போதகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நூறு நாள் கூலி அற்பமா? கூலிக்காரனைக் கேட்டுப் பாருங்கள். இயேசு அந்தச் சின்னக் கடனையும் நிஜமான கடனாகத்தான் வைத்திருக்கிறார். லூக்கா 17இலும் கடிந்துகொள் என்பது முதலில் வருகிறது, அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்பது அப்புறம். அடித்தவன் வாயே திறக்காமல் இருக்கும்போது அடிபட்டவரை அவசரப்படுத்துவது, ஏற்கெனவே சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது.

எனக்குக் கடைசியில் கால் நகர்ந்தது யூதாஸைப் படித்தபோது. மத்தேயு 27. அவன் மனஸ்தாபப்படுகிறான். ஆசாரியர்களிடம் போய், குற்றமில்லாத ரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவஞ்செய்தேன் என்கிறான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி வைக்கிறான். துக்கம், அறிக்கை, ஈடு; பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருக்கிறது. நான் பன்னிரண்டு வருஷத்தில் செய்யாததை அவன் ஒரே காலையில் செய்தான். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." கொஞ்ச நேரத்தில் ரோம ஆளுநர் பிலாத்து கையைக் கழுவிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறான். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வினைச்சொல். நீ பார்த்துக்கொள், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதனின் சாவு பந்துமாதிரி கைமாறிக்கொண்டே போகிறது, பிடித்துக்கொள்ள ஆளில்லை.

இன்னொரு சீடன் பேதுருவும், யூதாஸ் காட்டிக்கொடுத்த அதே ராத்திரிதான், இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தான், ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. புதிய ஏற்பாட்டில் அந்தக் கரிநெருப்பு இன்னும் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: யோவான் 21, உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மூட்டி வைத்திருப்பது. அதே புகை வாசனைக்கு முன்னால் பேதுருவை உட்காரவைத்து மூன்று தடவை கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. மூன்றாவது தடவை பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்ற வாக்கியம் அந்தக் காட்சியில் எங்கேயும் இல்லை. என் ஆடுகளை மேய் என்கிறார். பொறுத்துவிட்டு, பொறுப்பைக் கையில் கொடுக்கிறார்.

அந்த வாரம் போன் செய்தேன். எண் மாறவில்லை. பெயரைச் சொன்னதும், "சொல்லுங்க சார்" என்றான், நேற்றுப் பேசியதுபோல.

"அந்த அறிக்கையில எண்ணைத் தப்பா போட்டது நான்தான் தம்பி. அன்னைக்கே எனக்குத் தெரியும். உன்னைப் பாத்தாங்க, நான் பேசாம இருந்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னணியில் யாரோ குழந்தை பேசுவது கேட்டது.

"தெரியும் சார். கோப்புல பழைய பதிப்பு இருந்துச்சு, அப்பவே பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு ஒரு மாசம் போல எதிர்பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

மன்னித்துக்கொள் என்று கேட்டேன்.

"மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிரும் சார். ஒரு வருஷம் வேலையில்லாம இருந்தேன்." பிறகு கேட்டான்: "மேனேஜர் கிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்றேன்.

"அவருக்கு ஒரு வரி எழுதிருங்க சார். அவர் மனசுல என் பேரு அப்படியேதானே இருக்கும்."

எழுத உட்கார்ந்தேன். 'வணக்கம் சார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் காலாண்டு அறிக்கையில் ஒரு பிழை நேர்ந்தது நினைவிருக்கலாம்.' இரண்டு தடவை வாசித்துவிட்டு அதை அழித்தேன். 'நான் பிழை செய்தேன்' என்று ஆரம்பித்தேன். நாலு வரியில் முடிந்துவிட்டது. பையனுக்கும் ஒரு நகல் போட்டு அனுப்பினேன்.

மேலாளர் மறுநாள், பழைய கதை, விடுங்கள் என்று எழுதினார். பையனிடமிருந்து நாலு நாள் கழித்து ஒரு சொல் வந்தது: "பாத்தேன்." அதற்குமேல் எதுவும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.